மச்சம் வைத்த அட்டைகள்

அத்தான் என்ற சொல்லை அகராதியிலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்று ஸ்டூடியோக்காரர் முடிவு செய்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம்.

காரணம் இல்லாமல் இல்லை. உள்ளறையில் அவர் மனைவி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். சாதாரணச் சிரிப்பு இல்லை. கண்ணில் தண்ணீர் கட்டி, மேஜையைத் தட்டி, மூச்சு வாங்கி, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிற சிரிப்பு. கல்யாணமான நாளாக அந்தச் சிரிப்பு அவருக்கு இரண்டே முறைதான் கிடைத்திருக்கிறது. ஒன்று, ஸ்டூடியோ பெயர்ப்பலகையை மாட்டும்போது அவர் ஏணியிலிருந்து விழுந்தது. இன்னொன்று, எப்படி விழுந்தேன் என்று அவளுக்கு ஏறிக் காட்டியபோது மறுபடி விழுந்தது.

இரண்டு தடவை இடுப்பை உடைத்துக்கொண்டு சம்பாதித்த சிரிப்பை, எங்கேயோ தூரத்து ஊரில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒருவன் வாங்கிக்கொண்டிருந்தான்.

"அந்தப் பொத்தானை மட்டும் எடுத்துடுங்க அத்தான்! ஐயோ, வேண்டவே வேண்டாம். எங்க வீட்டுக்கு அது ஆகாது!"

வாசலில் நின்ற ஸ்டூடியோக்காரர் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். எல்லாப் பொத்தானும் இருந்தது. அப்படியானால் அது யாருடைய பொத்தான்?

"என்ன பொத்தான்?" என்றார், அவள் ஹெட்ஃபோனைக் கழற்றியதும்.

"அது ஆட்டத்துப் பொத்தான்ங்க. உங்களுக்குச் சொன்னா கோபம் வரும்."

"எனக்கு எதுக்குக் கோபம் வரும்?"

"பாருங்க, வந்துடுச்சு."

இந்த அத்தான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அவளுடைய அத்தை மகன். சின்ன வயசில் விடுமுறை விட்டால் போதும், இரண்டு பேரும் 'முத்துக்கடல்' என்ற ஒரு பலகை ஆட்டத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்களாம். சாப்பாட்டுக்கு எழுப்பவே ஆள் வேண்டுமாம். அந்தப் பெட்டி இப்போது அவளிடம் இருக்கிறது. அத்தானுக்கோ கல்யாணமாகி, தலையில் முடி குறைந்து, பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பியும் ஆயிற்று. ஆனால் இதெல்லாம் நமக்குத்தான் தெரியும். ஸ்டூடியோக்காரரின் மனக்கண்ணில் அத்தானுக்கு இன்னும் சுருட்டைமுடிதான்.

கல்யாணமான புதிதில், 'என்னங்க' என்று கூப்பிடாமல் 'அத்தான்' என்று கூப்பிடேன் என்று மனைவியிடம் அவர் ஆசையாகக் கேட்டதுண்டு. "அந்த இடத்துல ஏற்கெனவே ஆள் இருக்காரே" என்று அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். அன்றிரவே அவர் தங்கள் கல்யாணக் குழுப் படத்தைப் பெரிதாக்கினார். ஓரத்தில் நின்ற அத்தானை ஓரத்தோடு ஓரமாக வெட்டினார். அவசரத்தில் முழங்கை மட்டும் தங்கிவிட்டது. கூடத்துச் சுவரில், மாமனார் தோளுக்குப் பக்கத்தில், ஆளில்லாத அந்த முழங்கை இன்றைக்கும் இருக்கிறது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் அவர் காப்பி குடிக்கிறார்.

"அத்தான் கம்ப்யூட்டர்ல ஒரு மேஜை பண்ணியிருக்கார்ங்க" என்றாள் மனைவி. "அவர் அங்கேருந்து பார்க்கலாம், நான் இங்கேருந்து பார்க்கலாம், ஒரே மேஜை. பெட்டியில இருக்கிற வில்லை, அட்டை எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி உள்ளே போட்டுட்டா சனிக்கிழமை சனிக்கிழமை ஆடலாம். முனையில இருக்கே ஜெராக்ஸ் கடை, அங்கே குடுத்துடலாமான்னு யோசிக்கிறேன்."

"ஜெராக்ஸ் கடையா?"

"அவங்க நல்லாத்தான் பண்றாங்க."

"ஸ்டூடியோக்காரன் பெண்டாட்டி படம் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போறதா? ஊர் என்ன பேசும்?"

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்? அதோட, இந்த வேலை கொஞ்சம் நுணுக்கம். அத்தான்கூட, உங்க வீட்டுக்காரருக்கு இது வருமான்னு..."

"பெட்டியை எடு!"

"எடுக்கறேன். அத்தான் வீட்டுப் பரண்ல இன்னும் நாலு ஆட்டத்துப் பெட்டி இருக்காம். அதையும்..."

"ஒரே பெட்டி. அதுக்கு மேல ஒரு வில்லையைத் தொட மாட்டேன். எழுதித் தரட்டுமா?"

"வேண்டாங்க. ஒண்ணு போதும்" என்று அவள் உடனே ஒத்துக்கொண்டாள். அப்போதே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மறுநாள் ஸ்டூடியோவில் வேலை ஆரம்பமாயிற்று. வில்லைகள் என்றால் விரல் நகத்தளவு அட்டைத் துண்டுகள். ஒரு பக்கம் கப்பல், மறுபக்கம் அதே கப்பல் பாய் கிழிந்து. ஸ்கேனர் கண்ணாடிமேல் வரிசையாக அடுக்கி மூடியைச் சாத்தினால், மூடி விட்ட காற்றில் மொத்தக் கப்பற்படையும் மூலைக்கு ஓடிற்று. மறுபடி அடுக்கினார். மறுபடி ஓடிற்று. மூடியைத் திறந்தே வைத்தால் மேலே விளக்கு வெளிச்சம் பட்டு ஓரமெல்லாம் வெளுத்தது. கடைசியில் எதிர்க்கடைத் தையல்காரரிடம் ஒரு கறுப்புத் துணியைக் கேட்டார். அவர் துணியோடு தானும் வந்துவிட்டார்.

"என்ன சார் இது, மாத்திரையா?"

"கப்பல்."

"இவ்வளவு சின்னதா? யாருக்கு?"

"வீட்டுக்காரி ஆடறதுக்கு. அவ அத்தானோட."

தையல்காரர் வாயிலிருந்த நூலைக் கடித்துத் துப்பினார். "அத்தான்னா, சும்மா கூப்பிடற அத்தானா? இல்லே..."

"சொந்த அத்தை பையன்."

"அடடா."

"என்ன அடடா?"

"ஒண்ணுமில்லை சார். சொந்த அத்தை பையன்... அடடா."

"வாரத்துக்கு ஒரு நாள் ஆடறாங்க. அதுல என்ன இருக்கு?"

"ஒண்ணுமே இல்லை சார். நான் என்ன சொன்னேன்? அவங்க ரெண்டு பேரும் ஆடறாங்க. நீங்க அதுக்குக் கப்பல் கட்டித் தர்றீங்க. பெரிய மனசு சார் உங்களுக்கு."

அந்தப் பெரிய மனசு அதற்குப் பிறகு ஒரு நிமிஷம் நிம்மதியாக இல்லை. கறுப்புத் துணியைப் போட்டு, மேலே ஒரு புத்தகத்தை வைத்து, வில்லைகளை முன்பக்கம் ஒரு தடவை, பின்பக்கம் ஒரு தடவை எடுத்தார். எந்த முகத்துக்கு எந்த முதுகு என்று ஜோடி சேர்த்தார். ஒவ்வொரு படத்தையும் கணினியில் வட்டமாக நறுக்கினார். நறுக்க நறுக்க, அத்தானோடு அவள் சிரிக்கப்போகிற சிரிப்புக்குத்தான் தொட்டில் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று வயிறு எரிந்தது. கிழிந்த பாய்க் கப்பல்களையெல்லாம் அத்தானுக்கே கொடுத்துவிடலாமா என்று பார்த்தார். ஆட்டத்தில் அப்படி விதி இல்லை.

அப்போதுதான் ஒரு வாடிக்கையாளர் வந்தார். பாஸ்போர்ட் படம். "தம்பி, கன்னத்துல இந்த மச்சத்தை மட்டும் எடுத்துடுங்க" என்றார்.

எடுத்தார். ஸ்டூடியோக்காரர் எடுக்காத மச்சமா? இந்த வட்டாரத்தில் பாதிப் பேரின் மச்சம் அவர் கையால் போனதுதான். கணினியில் ஒரு தொடு தொட்டால் போதும். அந்த ஆள் போன பிறகு, தொட்ட விரல் அப்படியே நின்றது. எடுக்கத் தெரிந்தவனுக்கு வைக்கத் தெரியாதா?

முத்துக்கடல் ஆட்டத்தின் சூட்சுமம் இவ்வளவுதான். நடுவில் ஐந்து அட்டைகள் கவிழ்ந்து கிடக்கும். உங்கள் முறை வந்தால் ஒன்றை எடுத்துப் புரட்ட வேண்டும். முத்து வந்தால் உங்களுக்கு. காற்று வந்தால் கப்பல் நகரும். புயல் வந்தால் கையிலிருக்கிற முத்தில் ஒன்று கடலோடு போய்விடும். ஏழு முத்து முதலில் சேர்த்தவர் ஜெயித்தார். எல்லா அட்டைக்கும் முதுகு ஒன்றுபோல நீலம். அந்த நீலத்தில், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, இடது கீழ் மூலையில் ஒரு மச்சம் இருந்தால் அது முத்து. வலது மேல் மூலையில் இருந்தால் அது புயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அத்தானாவது, அத்தை மகனாவது?

அன்று சாயங்காலம் மனைவி மருந்துக்கடையிலிருந்து வந்தாள். அங்கேதான் அவளுக்கு வேலை.

"முதுகை ஒரே ஒரு தடவை எடுத்தாப் போதுமாம்ங்க. எல்லா அட்டைக்கும் அதையே ஒட்டிக்கலாம்னு அத்தான் சொன்னார்."

"என் தொழிலை எனக்கு அத்தான் சொல்லித் தர வேண்டாம். ஒவ்வொரு அட்டைக்கும் அதோட சொந்த முதுகு. அதான் நேர்மை."

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். "சரிங்க" என்றாள்.

இரண்டு நாளில் எல்லாம் தயார். படங்களை அவளிடம் கொடுக்கும்போது ஸ்டூடியோக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"முதல் ஆட்டம் நான் ஆடறேன். உன் அத்தானோட."

"நீங்களா?"

"நான் ஜெயிச்சா இந்தச் சனிக்கிழமைக் கச்சேரியை ரெண்டு பேரும் நிறுத்திடணும்."

"தோத்தா?"

"தோத்தாவா?" அவர் சிரித்த சிரிப்பில் கூடத்துப் படம் லேசாக ஆடியது. "தோத்தா அந்த நாலு பெட்டியையும் வரச் சொல்லு. நானே பண்ணித் தர்றேன்."

"வார்த்தை மாற மாட்டீங்களே?"

"ஆம்பளை வார்த்தை."

"அது வேண்டாம். உங்க ஸ்டூடியோ மேல சத்தியமாச் சொல்லுங்க."

சொன்னார். அவள் படங்களை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும் என்றாள். வெகுநேரம் ஏற்றினாள். அவரைப் பக்கத்தில் விடவில்லை.

சனிக்கிழமை வந்தது. திரையில் பச்சை மேஜை. அதன்மேல் அவர் நறுக்கிய கப்பல்கள், அவர் எடுத்த அட்டைகள். அழகாகத்தான் இருந்தன. ஒலிபெருக்கியில் ஒரு குரல் வந்தது. சுருட்டைமுடிக்குப் பொருந்தாத, சளி பிடித்த குரல்.

"வாங்க தம்பி, சௌக்கியமா?"

'தம்பியாம்!' என்று பல்லைக் கடித்த ஸ்டூடியோக்காரர், "சௌக்கியம், அண்ணே" என்றார்.

"வில்லையெல்லாம் பிரமாதமா வந்திருக்கு தம்பி. ஓரம் ஒண்ணுகூடப் பிசிறில்லை. இந்தக் கை எல்லாருக்கும் வராது."

ஒரு கணம் அவர் மனசு இளகிவிட்டது. அப்புறம் பக்கத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மனைவி "சொன்னேனே அத்தான்" என்றதும் மறுபடி இறுகிக்கொண்டது.

ஐந்து அட்டைகள் கவிழ்ந்து விழுந்தன. ஸ்டூடியோக்காரர் மூக்கு திரையில் இடிக்கக் குனிந்தார். இடது கீழ் மூலை. மச்சம். எடுத்தார்.

முத்து.

"ஆரம்பமே ஜோர்தான்" என்றார் அத்தான்.

அடுத்த முறை. இடது கீழ் மூலை. மச்சம். எடுத்தார்.

புயல். இருந்த ஒரு முத்தும் கடலோடு போயிற்று.

கை தவறியிருக்கும் என்று நினைத்தார். ஒரு அட்டைக்கு மச்சம் மாற்றி வைத்திருக்கலாம். மனுஷன்தானே. மறுபடி இடது கீழ் மூலை. புயல். சரி, மொத்தமாகவே இடம் மாற்றி வைத்துவிட்டோம்போல என்று கணக்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, வலது மேல் மூலை மச்சத்தை எடுத்தார்.

அதுவும் புயல்.

"என்னங்க, கடல் இன்னிக்கு ரொம்பக் கொந்தளிப்பா?" என்றாள் மனைவி பட்டாணியைப் பார்த்தபடி.

"நீ பட்டாணியை உரி."

அத்தான் எதையும் உற்றுப் பார்க்கவில்லை. இருமிக்கொண்டே கைக்கு வந்ததை எடுத்தார். முத்து, காற்று, முத்து என்று வந்துகொண்டேயிருந்தது. ஸ்டூடியோக்காரர் இடதை நம்பினார், வலதை நம்பினார், ஒன்று விட்டு ஒன்று நம்பினார். கடைசியில் மச்சமே இல்லாத ஒன்றை எடுத்தார். காற்று வந்தது. அவர் கப்பல் நகர்ந்துபோய்ப் பாறையில் முட்டிக்கொண்டு நின்றது.

"ஏழு" என்றார் அத்தான், ஏதோ தப்பு செய்தவர் மாதிரி. "புதுசா ஆடறவங்களுக்கு அப்படித்தான் தம்பி. பழகிடும். பெட்டிகளை நாளைக்கே அனுப்பி வைக்கிறேன்."

மனைவி திரையை அணைத்தாள். ஸ்டூடியோக்காரர் ஒரு பட்டாணியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். துப்பவும் மனமில்லை, மெல்லவும் மனமில்லை.

"மச்சத்தை எப்போ பார்த்தே?"

"முதல் அட்டையிலேயே" என்றாள். "நாள் பூரா மாத்திரைப் பட்டை ஓரத்துல காலாவதித் தேதி தேடற கண்ணுங்க இது. கடுகளவு மச்சம் வெச்சா தெரியாமப் போயிடுமா? உங்க வாயாலேயே சொன்னீங்களே, ஒவ்வொரு அட்டைக்கும் சொந்த முதுகுன்னு. அப்பவே நினைச்சேன், இந்த மனுஷன் நேர்மையைப் பத்திப் பேசறாரே, என்னவோ இருக்குன்னு."

"சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா எடுத்துடுவீங்க. சொல்லாம பாதி அட்டைக்கு முதுகை மட்டும் மாத்திப் போட்டேன். பாதியை அப்படியே விட்டுட்டேன்."

"ஏன் பாதி?"

"முழுக்க மாத்தினா ரெண்டாவது அட்டையிலேயே கண்டுபிடிச்சிருப்பீங்க. புத்திசாலியாச்சே."

இதைக் கேட்டு ஸ்டூடியோக்காரருக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. பெருமைப்படுகிறோம் என்று தெரிந்ததும் கோபம் வந்தது. கோபத்தில், இத்தனை நாள் தொண்டையில் நின்றது வெளியே வந்துவிட்டது.

"அத்தான், அத்தான், அத்தான்! என்னை ஒரு நாளாவது ஆடக் கூப்பிட்டியா?"

அவள் உரிப்பதை நிறுத்தினாள்.

"கூப்பிட்டேனே. கல்யாணமான புதுசுல, இதே பெட்டி, இதே கூடம். ஆறு முத்தோட இருந்தேன் நான். நீங்க பலகையை ஒரே தட்டாத் தட்டிக் கவுத்துட்டு, பூனை தட்டிடுச்சுன்னீங்க."

"தட்டியிருக்கும்."

"நம்ம வீட்டுல எப்பங்க பூனை இருந்தது?"

ஸ்டூடியோக்காரர் சுவரைப் பார்த்தார். சுவரில் முழங்கை இருந்தது. அது அவரை இடிப்பதுபோல் தெரிந்தது.

"அதுக்கப்புறம் எந்த தைரியத்துல கூப்பிடறது? பாதி வில்லையை சோபா அடியிலேருந்து பொறுக்கினேன். அதான் அத்தான் கம்ப்யூட்டர் மேஜைன்னதும், சரி, இதை இவரால தட்டிக் கவுக்க முடியாதுன்னு நினைச்சேன். கடைசில பார்த்தா அதுலயும் கவுக்கறதுக்கு ஒரு பொத்தான் இருக்காம். கோபம் வந்தா அமுக்கினா மேஜை, கப்பல், அட்டை எல்லாம் அந்தரத்துல பறக்கும். அன்னிக்கு அத்தான் அமுக்கிக் காட்டினார். எனக்கு உங்க பூனை ஞாபகம் வந்துடுச்சு. அடக்க முடியாம சிரிச்சிட்டேன்."

ஸ்டூடியோக்காரர் நிமிர்ந்தார். "அந்தச் சிரிப்பா? மேஜையைத் தட்டித் தட்டி..."

"ஆமா."

"என்னை நினைச்சா?"

"வேற யாரை நினைச்சு நான் அப்படிச் சிரிக்கப் போறேன்?"

ஆக, அது அவருடைய சிரிப்புதான். மூன்றாவது தடவை. ஏணிகூட இல்லாமல்! வாரம் முழுக்க எரிந்த வயிறு சட்டென்று குளிர்ந்தது. நாலு பெட்டியும் வரட்டும், நாற்பது பெட்டியும் வரட்டும் என்று தோன்றியது.

"ஒரு ஆட்டம் போடலாமா?" என்றாள் மனைவி. "நாம ரெண்டு பேர் மட்டும். எல்லாத்துக்கும் ஒரே முதுகு போட்டுடறேன்."

"நியாயமான ஆட்டம்" என்றார் அவர் கம்பீரமாக. பிறகு, போகிற போக்கில் கேட்பதுபோல், "அந்தப் பொத்தான் எங்கே இருக்கும்? சும்மா, தெரிஞ்சுக்கத்தான்."

"வலது பக்கம், மேல் மூலையில."

ஆடினார்கள். மச்சம் இல்லாத நீல முதுகுகள், ஒன்றுக்கொன்று வித்தியாசமே இல்லை. அவர் நிதானமாக ஆடினார். முத்துகூட வந்தது. ஒரு கட்டத்தில் அவரிடம் நாலு, அவளிடம் நாலு. அவள் சிரித்தாள், அவரும் சிரித்தார். அத்தானை நினைத்துப் பாவம் என்றுகூடத் தோன்றியது. பிறகு அவளுக்கு ஐந்து ஆயிற்று. ஆறு ஆயிற்று. அவருக்குப் புயல் வந்தது. இன்னொரு புயல் வந்தது.

அவள் ஏழாவது முத்துக்காக மவுஸைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள்.

"அடுப்புல ஏதோ தீயற வாசனை வருதே" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"அடுப்பே பத்த வைக்கலையே" என்று சொல்லிக்கொண்டே அவள் எழுந்து போனாள்.

மவுஸ் தானாக வலது பக்கம் ஊர்ந்தது. அவர் ஒன்றும் செய்யவில்லை, கை போயிற்று. மேலே, மூலைக்கு. மூக்கு திரையில் இடிக்கக் குனிந்து தேடினார்.

பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மச்சம் இருந்தது.